பிளானட் ஜூவில் விலங்குகளை ஒழுங்காக வளர்ப்பது எப்படி?

பிளானட் ஜூ என்பது உயிரியல் பூங்கா கட்டி நடத்தும் கணினி விளையாட்டு. அதை முதல்முறை திறக்கும் பலர் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். நுழைவாயிலுக்குப் பக்கத்தில் நாலு பக்கமும் வேலி போட்டு, சந்தையில் கண்ணில் பட்ட சிங்கத்தை வாங்கி உள்ளே விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சிங்கத்தின் நலன் சிவப்புக்குப் போகும். பதாகையோடு போராட்டக்காரர்கள் வந்து நடைபாதையை அடைப்பார்கள். பார்வையாளர் குறைவார்கள், பணம் கரையும்.

இதைத் தவிர்ப்பதற்கான வழிகளை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த விளையாட்டு விலங்கின் தேவைகளை அளந்து கோடுகளாகப் போட்டுக் காட்டுகிறது. எல்லாம் பச்சையாக இருந்தால் சரி என்கிறது. ஆனால் அது அளக்காமல் விட்ட விஷயங்கள் சில உண்டு. விளையாட்டு அங்கே உங்களைத் தடுக்காது, திட்டாது. அந்த இடங்களில் நீங்களாக ஒரு விதி வைத்துக்கொண்டால்தான் உண்டு.

முதலில் சின்னப் பின்னணி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் இதை 2019 நவம்பரில் கணினிக்கு வெளியிட்டது. 2024 மார்ச்சில் கன்சோல்களுக்கும் வந்தது. இதற்கு முன்னால் இந்த வகையில் பெயர் வாங்கியது 2001இல் வந்த ஜூ டைகூன். வேலியைப் பிடுங்கிவிட்டுச் சிங்கம் கூட்டத்தைத் துரத்துவதை வேடிக்கை பார்த்ததுதான் அதை விளையாடிய பலருக்கும் முதல் நினைவு. 2002இல் வந்த அதன் கடல் தொகுப்பில் டால்பின், ஓர்கா எல்லாவற்றையும் வைத்து ஷோ நடத்திக் காசு பார்க்கலாம். பிளானட் ஜூவில் டால்பினே கிடையாது, வித்தை காட்டும் மேடையும் கிடையாது. எதை வைப்பது, எதை விடுவது என்று தயாரித்தவர்களே ஒரு கட்சி எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு இது ஒன்றே போதும்.

1. எந்த முறையில் தொடங்குவது

நான்கு முறைகள் இருக்கின்றன: கரியர், ஃபிரான்சைஸ், சேலஞ்ச், சாண்ட்பாக்ஸ். புதியவர்கள் கரியரில் முதலில் வரும் குட்வின் ஹவுஸ் பூங்காவை முடித்துவிட்டு வருவது நல்லது. பட்டன்கள் எங்கே இருக்கின்றன என்பதை அது பொறுமையாகக் கற்றுக்கொடுக்கும்.

அடுத்து எல்லோரும் ஃபிரான்சைஸுக்குத் தாவுவார்கள். அது இணையத்தில் மற்ற ஆட்டக்காரர்களோடு விலங்குகளை வாங்கி விற்கும் முறை. நான் சொல்வது, அங்கே அவசரப்பட்டுப் போகாதீர்கள் என்பதுதான். சாண்ட்பாக்ஸில் பணத்துக்குக் கணக்கில்லை. விலங்கு மூப்படைவது, சண்டை போடுவது, தப்பிப்பது போன்றவற்றை அமைப்புகளில் நிறுத்தியும் வைக்கலாம். வாழிடம் கட்டிப் பழக அதுதான் சரியான இடம். பணக் கவலை இருக்கும்போது புதியவர்கள் முதலில் கை வைப்பது விலங்குக்கு ஒதுக்கிய இடத்தில்தான். கடையைச் சின்னதாக்க மனசு வராது.

எந்த முறையாக இருந்தாலும் இடைநிறுத்தம் பட்டன்தான் உங்கள் முதல் நண்பன். விளையாட்டில் ஓர் ஆண்டு என்பது உங்கள் கடிகாரத்தில் சில நிமிடங்கள். ஓட விட்டுக்கொண்டே கட்டினால், கூரை போடுவதற்குள் குட்டி வளர்ந்துவிடும்.

2. விலங்கை வாங்குவதற்கு முன்னால்

ஜூபீடியா என்ற தகவல் பக்கம் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு விலங்குக்கு எவ்வளவு இடம் வேண்டும், விலங்குகள் கூடினால் எவ்வளவு கூட்ட வேண்டும், எந்த வெப்பநிலை தாங்கும், எத்தனை பேர் சேர்ந்து வாழும், வேலி எவ்வளவு உயரம் வேண்டும், மனிதர்களைக் கண்டால் கூசுமா என்பதெல்லாம் அதில் உண்டு. முதலில் இதைப் படிக்க வேண்டும், அடுத்து வாழிடத்தைக் கட்ட வேண்டும், கடைசியில்தான் வாங்க வேண்டும். இந்த வரிசை மாறாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை வராது.

எந்த விலங்கோடு தொடங்குவது என்பதில்தான் என் முதல் சொந்த விதி: யானையும் பனிக்கரடியும் வேண்டாம். விளையாட்டு அனுமதிக்கிறது, ஜூபீடியா சொல்லும் இடத்தைக் கொடுத்தால் கோடு பச்சையாகவும் நிற்கும். நிஜத்தில் விஷயம் வேறு. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் 2003இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். காட்டில் பரந்து திரியும் ஊனுண்ணிகள்தான் கூண்டில் அதிகம் அவதிப்படுகின்றன, ஒரே தடத்தில் நடந்துகொண்டே இருக்கின்றன, அவற்றின் குட்டிகளும் அதிகம் சாகின்றன என்று காட்டினார்கள். ஒரு பனிக்கரடிக்குப் பூங்காவில் பொதுவாகக் கிடைக்கும் இடம், அது காட்டில் குறைந்தபட்சம் திரியும் பரப்பில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதும் அதில் வந்த கணக்குதான். நீங்கள் வேலியை இரண்டு மடங்கு தள்ளிப் போட்டாலும் அந்தக் கணக்கில் பெரிதாக ஒன்றும் மாறப்போவதில்லை.

யானைக்கு 2008இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இருக்கிறது. ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆப்பிரிக்க யானைப் பெண்களின் இடைநிலை ஆயுள் 16.9 ஆண்டு. கென்யாவின் அம்போசெலியில், மனிதர் கொன்றவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 56 ஆண்டு. நம் நாட்டிலும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009இல், யானைகளைப் பூங்காக்களில் வைக்க வேண்டாம், வன முகாம்களுக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்தது. அதே இந்திய யானை இந்த விளையாட்டில் முதல் நாளிலிருந்து இருக்கிறது. வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை, கடைசியில் வையுங்கள். கைவசம் பெரிய நிலமும் அனுபவமும் வந்த பிறகு.

தொடங்குவதற்குச் செம்பாண்டா நல்ல தேர்வு. சின்ன உடம்பு, ஜோடியாக இருந்தால் போதும், பார்வையாளருக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கும் சில கண்டிப்புகள் உண்டு என்பதால் கற்றுக்கொள்ள ஏதுவானது.

3. வாழிடம் கட்டுவது: செம்பாண்டாவை வைத்து ஒரு பாடம்

வேலியைச் சுற்றிப் போட்டதும், ஊழியர் நுழையும் கதவைப் பின்பக்கம் வையுங்கள். அந்தக் கதவு வரைக்கும் ஊழியர் பாதை வர வேண்டும். வராவிட்டால் பராமரிப்பாளர் உள்ளே போக மாட்டார். தீனியும் கிடையாது, சாணியும் அள்ளப்படாது. "ஏன் என் விலங்கு பட்டினி கிடக்கிறது" என்ற கேள்விக்குப் பத்தில் ஏழு முறை பதில் இந்தக் கதவில்தான் இருக்கும்.

அடுத்தது தரை. குட்டைப் புல், நெட்டைப் புல், மண், பாறை, மணல், பனி என்று தூரிகையால் பூசிக்கொண்டே போகலாம். விலங்கின் பலகையில் வாழிடப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பூசுங்கள். ஒவ்வொரு வகைக்கும் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று கோடு காட்டும். பாறையைக் கொஞ்சம் கூடுதலாகப் பூசினால் அது பச்சையிலிருந்து நகர்வது கண்ணெதிரே தெரியும். திரும்பிப் போய் அந்த இடத்தில் புல்லைப் பூச வேண்டும். இந்தத் தட்டுத்தடுமாறல்தான் விளையாட்டின் சிறந்த பகுதி என்பேன். சிமென்ட் தரை ஏன் ஒரு விலங்குக்கு ஆகாது என்பதை எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு சீக்கிரம் மண்டையில் ஏற்றாது.

செடிகளை அந்த விலங்கின் நிலப்பகுதி, கண்டம் இரண்டையும் வைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். அழகுக்காகத் தென்னையை நட்டால் செம்பாண்டாவுக்குப் பிடிக்காது. மரம் நிறைய இருந்தால் நல்லதுதானே என்று அடர்ந்த காடாக்கிவிடவும் கூடாது. பல விலங்குகளுக்குப் பசுமைக்கும் மேல் வரம்பு உண்டு.

செம்பாண்டா இமயமலைப் பக்கத்து விலங்கு, வெயில் ஆகாது. உங்கள் பூங்கா வெப்ப மண்டலத்தில் இருந்தால் குளிரூட்டும் கருவி வேண்டும். அதைத் தூங்கும் குடிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், ஏனென்றால் வாழிடம் முழுக்கக் குளிர்விக்கப் பணம் தண்ணீராய்ச் செலவாகும். குடிலுக்குள் எல்லா விலங்கும் ஒரே நேரத்தில் படுக்க இடம் இருக்க வேண்டும். சூழலையும் குளிரூட்டியையும் பார்த்தபிறகு ஒரு கேள்வி வரத்தான் வேண்டும்: இந்த ஊருக்கு இந்த விலங்கு எதற்கு? என் இரண்டாவது விதி இங்கேதான். பூங்காவுக்கு ஒரு தட்பவெப்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதில் கருவி இல்லாமல் வாழக்கூடிய விலங்குகளுக்கே முன்னுரிமை. ஆட்டம் கொஞ்சம் கடினமாகும், ஆனால் பூங்காவுக்கு ஒரு முகம் கிடைக்கும்.

கடைசியாக, ஏறுவதற்கான மரக்கட்டைகள். வைத்தால் மட்டும் போதாது, விலங்கு அங்கே போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நடமாடக்கூடிய பகுதியைக் காட்டும் வண்ண வரைபடத்தைத் திறந்தால் எட்டும் இடம், எட்டாத இடம் இரண்டும் தெரியும். கட்டையை வேலிக்கு ஒட்டி வைக்காதீர்கள். அதில் ஏறி வெளியே குதித்துவிடும், பிறகு கால்நடை மருத்துவர் மயக்க ஊசித் துப்பாக்கியோடு பூங்கா முழுக்க ஓட வேண்டியிருக்கும்.

வேலி பற்றி ஒரு வார்த்தை. அனுபவசாலிகள் கட்டும் பூங்காக்களில் கம்பியே தெரியாது. அகழி, பாறை, நீர் என்று மறைத்துவிடுவார்கள். இந்த உத்தி கார்ல் ஹாகன்பெக்குடையது. 1907இல் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கனில் அவர் திறந்த பூங்காவில்தான் சிங்கத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே கம்பிகளுக்குப் பதில் அகழி வந்தது. பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அது முதலில் பார்ப்பவர் கண்ணுக்காகச் செய்த ஏற்பாடு. அகழி எடுத்துக்கொள்ளும் நிலம் விலங்கின் பங்கிலிருந்துதான் போகிறது. அழகுபடுத்தும் முன் நடமாடும் பகுதியின் அளவை ஒருமுறை பாருங்கள்.

4. கூட்டத்திலிருந்து ஒளிந்துகொள்ள வழி

கூச்சமுள்ள விலங்குகளுக்குப் பார்வையாளரே பெரிய தொல்லை. நான்கு பக்கமும் பாதை போட்டால் மன அழுத்தக் குறி தலைக்கு மேலே வந்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் இடம் வையுங்கள். ஒருவழிக் கண்ணாடியும் 'தொந்தரவு செய்யாதீர்' பலகையும் இருக்கின்றன, இரண்டும் வேலை செய்யும்.

அதோடு நிறுத்தாதீர்கள். சுவிஸ் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் ஒவ்வொரு விலங்குக்கும் ஓட்ட தூரம் என்று ஒன்று உண்டு என்றார். அதற்கு மேல் நெருங்கினால் ஓட ஆரம்பிக்கும் தூரம். வாழிடத்தின் ஆழம் அந்தத் தூரத்தைவிடக் குறைவாக இருந்தால் விலங்கு எங்கே போய் நின்றாலும் அதற்கு மனிதன் பக்கத்தில் இருப்பதுபோலத்தான். ஆகவே நீளவாக்கில் கூட்டத்துக்கு முன் விரித்துக் காட்டும் வாழிடத்தைவிட, உள்வாங்கிப் போகும் வாழிடம் மேல். பின்பகுதியில் செடியும் மேடும் வைத்து, எந்தப் பார்வை இடத்திலிருந்தும் தெரியாத ஒரு மூலையைக் கட்டாயம் விடுங்கள்.

நன்கொடைப் பெட்டியில் காசு குறையும். விலங்கு தெரியவில்லை என்று கூட்டம் குறைப்படும். இந்த இழுபறி வெளியே நிஜப் பூங்காக்களிலும் அன்றாடம் நடப்பதுதான். அறிவிப்புப் பலகையும் ஒலிபெருக்கியும் வைத்தால் அந்தக் கூட்டமே கொஞ்சம் கற்றுக்கொண்டு திருப்தியாகப் போகும். விளையாட்டு அதற்குத் தனியாக மதிப்பெண் கொடுக்கிறது.

5. பொழுதுபோக்கும் ஆராய்ச்சியும்

என்ரிச்மென்ட், அதாவது விலங்கு சலிப்படையாமல் இருக்க வைக்கும் சாமான்கள், என்ற பிரிவில் பந்து, தீனி உருட்டும் பீப்பாய், மூலிகை வாசனைக் கம்பம், தண்ணீர் தெளிப்பான் என்று நிறைய இருக்கும். ஆரம்பத்தில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும். ஆராய்ச்சி மையத்தில் ஒரு கால்நடை மருத்துவரை உட்கார வைத்து அந்த விலங்கை ஆராயச் சொன்னால் ஒவ்வொன்றாகத் திறக்கும். நல்ல தரத் தீனியும் அப்படித்தான் வரும். இரண்டாவது மருத்துவரைச் சீக்கிரமே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மருத்துவர் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தால் நோய்வாய்ப்பட்ட விலங்கைப் பார்க்க ஆள் இருக்காது.

இந்தச் சாமான்கள் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் கஸ்ஸின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நியூயார்க் சென்ட்ரல் பார்க் பூங்காவின் பனிக்கரடி அது. 1994 வாக்கில் குளத்தில் எட்டு வடிவத்தில் மணிக்கணக்காக நீந்திக்கொண்டே இருந்தது. ஊரே அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசியது. பூங்கா ஒரு விலங்குப் பயிற்சியாளரை அழைத்து வந்து, தீனியை ஒளித்து வைப்பது, பனிக்கட்டிக்குள் உறைய வைப்பது, புதுப் பொருட்களைப் போடுவது என்று அதன் நாளுக்கு வேலை கொடுத்தது. நீச்சல் குறைந்தது, முழுவதும் நிற்கவில்லை. கஸ் 2013இல் இறந்தது.

விளையாட்டில் தேவையான பொருட்களை ஒருமுறை வைத்துவிட்டால் கோடு நிரம்பிவிடும், அத்தோடு மறந்துவிடலாம். நிஜப் பராமரிப்பாளர்கள் அப்படி விடுவதில்லை; பொருட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நீங்களும் அவ்வப்போது மாற்றிப் பாருங்கள். மதிப்பெண் ஏறாது. விலங்கு எதை எப்படிப் பயன்படுத்துகிறது என்று நின்று பார்க்க ஒரு காரணம் கிடைக்கும், அவ்வளவுதான்.

6. கோடுகளை எப்படிப் படிப்பது

விலங்கைத் தொட்டால் நலன் பகுதியில் நான்கு தலைப்புகள்: ஊட்டம், சமூகம், வாழிடம், என்ரிச்மென்ட். சமூகம் குறைந்தால் முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். கூட்டமாக வாழும் விலங்கு ஒற்றையாக நிற்கிறதா, அல்லது ஆண்கள் கூடிவிட்டதா? வளர்ந்த ஆண் குட்டிகள் தகப்பனோடு மோதி இரத்தம் பார்ப்பது அடிக்கடி நடக்கும். ஊட்டம் குறைந்தால் பராமரிப்பாளரின் வேலை மண்டலத்தை, அதாவது எந்தெந்த வாழிடங்களை அவர் பார்க்க வேண்டும் என்ற ஒதுக்கீட்டை, சரிபாருங்கள். தண்ணீர் அழுக்கானால் நோய் வரும், சுத்திகரிப்பு நிலையத்தின் எல்லைக்குள் குளம் இருக்கிறதா பாருங்கள்.

நிஜ உலகத்தில் நலனை மதிப்பிட அதிகம் பயன்படும் சட்டகங்களில் ஒன்று ஐந்து புலங்கள். நியூசிலாந்தின் டேவிட் மெல்லர், கேம் ரீட் இருவரும் 1994இல் முன்வைத்தது. ஊட்டம், சூழல், உடல்நலம், நடத்தை என்று நான்கையும் பார்த்து, ஐந்தாவதாக இவையெல்லாம் சேர்ந்து விலங்கின் மனநிலை என்னவாக இருக்கும் என்று கேட்கிறது. விளையாட்டுக் கோடுகளோடு ஒப்பிட்டால் முதல் நான்கும் ஏறக்குறைய பொருந்திவிடும். ஐந்தாவதை விளையாட்டு ஒரே சதவீதமாகச் சுருக்கிக் கையில் கொடுத்துவிடுகிறது. நிஜப் பராமரிப்பாளருக்கு அந்தச் சதவீதம் கிடைக்காது. காது எப்படி நிற்கிறது, தீனியை எவ்வளவு நேரத்தில் தொட்டது, ஒரே மூலையில் நடக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அவர் ஊகிக்க வேண்டும். கோட்டை மறைத்துவிட்டு, விலங்கைப் பின்தொடரும் கேமராவில் சில நிமிடம் பார்த்து, இதன் நலன் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டுப் பிறகு கோட்டைத் திறந்து பாருங்கள். ரொம்பவே தவறும்.

ஊழியர், மின்சாரம், கடை பற்றி இங்கே விரிவாக எழுதவில்லை. ஒன்று மட்டும்: சம்பளம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கடைக்காரரில் பிடியுங்கள், பராமரிப்பாளரில் வேண்டாம்.

7. குட்டிகள்: இங்கேதான் எல்லோரும் வழுக்குவது

குட்டி பிறந்தால் கூட்டம் கூடும், பணம் வரும். அதனால் புதியவர்கள் யாருக்கும் கருத்தடை போடுவதில்லை. சில ஆட்ட ஆண்டுகளில் வார்ட்ஹாக் பன்றி வாழிடம் நிரம்பி வழியும். அண்ணன் தங்கை சேர்ந்து குட்டி போடும். எதிர்ப்புச் சக்தியும் இனப்பெருக்கத் திறனும் தலைமுறைக்குத் தலைமுறை கீழே போகும்.

செய்ய வேண்டியது எளிது. விலங்கு வாங்கியவுடனே அதன் பலகையில் கருத்தடையை இயக்கிவிடுங்கள். குட்டி வேண்டும் என்று முடிவெடுத்த ஜோடிக்கு மட்டும், குட்டிக்கு இடம் தயாரான பிறகு, நிறுத்துங்கள். ஜோடி சேர்க்கும் முன் இணைகளை ஒப்பிடும் வசதியைப் பாருங்கள். உடலளவு, ஆயுள், கருவளம், எதிர்ப்புச் சக்தி என்ற நான்கு மரபுக் குணங்களும், உறவு நெருக்கமா என்பதும் அதில் தெரியும். பூங்கா விலங்குகளின் மொத்தப் பட்டியலிலிருந்தே இதையெல்லாம் கவனிக்கலாம் என்பதால் சோம்பலுக்குச் சாக்கு இல்லை.

இந்தப் பட்டன் நிஜத்தில் இவ்வளவு சுலபமாக இல்லை. பெரும்பூனைகளுக்குப் பல காலம் போட்ட ஹார்மோன் உள்வைப்புகளால் கருப்பை நோயும் மார்புப் புற்றும் வந்தது தெரிந்த விஷயம். சில பூங்காக்கள் கருத்தடையே வேண்டாம் என்று முடிவெடுத்தன, குட்டி வளர்ப்பதும் விலங்கின் இயல்பான வாழ்க்கையில் ஒரு பகுதி என்ற வாதத்தோடு. அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2014 பிப்ரவரி 9 அன்று உலகம் பார்த்தது. கோபன்ஹேகன் பூங்காவில் மாரியஸ் என்ற இரண்டு வயது ஒட்டகச்சிவிங்கியைக் கொன்றார்கள். அதற்கு எந்த நோயும் இல்லை. ஐரோப்பிய இனப்பெருக்கத் திட்டத்தில் அதன் மரபுவழி ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது, அவ்வளவுதான். வேறு பூங்காக்கள் கேட்டும் கொடுக்கவில்லை. குழந்தைகள் உட்பட மக்கள் பார்க்க உடற்கூறு செய்து, இறைச்சியைச் சிங்கங்களுக்குப் போட்டார்கள். பூங்காவின் அறிவியல் இயக்குநர் பெங்க்ட் ஹோல்ஸ்ட் இதைத் தொலைக்காட்சிகளில் அசராமல் நியாயப்படுத்தினார்.

அதைப் படிக்கும்போது கோபம் வருவது இயல்பு. ஆனால் ஹோல்ஸ்டின் பக்கத்தில் ஒரு நேர்மை இருந்தது என்றே நினைக்கிறேன்: உபரி விலங்கு என்று ஒன்று உண்டு, அதற்கு யாரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை. பிளானட் ஜூவில் உபரியே இல்லை. ஏன் இல்லை என்பது அடுத்த படியில் இருக்கிறது.

8. 'காட்டில் விடு' என்ற பட்டன்

விலங்கு வாங்க இரண்டு நாணயங்கள்: சாதாரணப் பணம், கன்சர்வேஷன் கிரெடிட். அரிய, ஆரோக்கியமான விலங்குகள் கிரெடிட்டுக்குத்தான் கிடைக்கும். கிரெடிட் சம்பாதிக்கும் நேர்வழி, விலங்கை மற்றவருக்கு விற்பது அல்லது காட்டில் விடுவது. பட்டனை அழுத்தினால் விலங்கு மறைந்துவிடும், கிரெடிட் ஏறும்.

இதன் விளைவு வெளியான நாட்களிலேயே தெரிந்தது. சீக்கிரம் குட்டி போடும் வார்ட்ஹாக், நெருப்புக்கோழி, மயில் ஆகியவற்றை ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வளர்த்து, வளர்ந்ததும் விற்று அல்லது விட்டுக் கிரெடிட் சேர்த்தார்கள். சந்தை முழுக்க வார்ட்ஹாக். பாதுகாப்பு என்று பெயர் போட்ட நாணயத்தைக் கோழிப்பண்ணை கணக்காகப் பெருக்கினார்கள். அந்தப் பண்ணையிலும் கோடுகள் பச்சையாகத்தான் இருந்தன.

நிஜத்தில் காட்டில் விடுவது எப்படி நடக்கிறது? பிரேசிலில் தங்கச் சிங்கத் தாமரின் குரங்குகளை 1984இல் விடத் தொடங்கினார்கள். பூங்காவில் பிறந்தவற்றுக்கு ஆடும் கிளையில் போகத் தெரியவில்லை, பழத்தைத் தேடத் தெரியவில்லை, பல இறந்துபோயின. அவற்றுக்குக் காட்டில் பிறந்த குட்டிகள்தான் நன்றாகப் பிழைத்தன. வாள்கொம்பு ஓரிக்ஸ் என்ற மறிமான் இன்னொரு உதாரணம்; 2022இல் வந்த கன்சர்வேஷன் தொகுப்பில் இந்த விலங்கு விளையாட்டுக்குள்ளும் வந்தது. காட்டில் முற்றிலும் அழிந்துவிட்டது என்று 2000இல் அறிவிக்கப்பட்ட இனம். அபுதாபியில் சேர்த்த மந்தையிலிருந்து 2016இல் சாட் நாட்டுக்குக் கொண்டுபோய், அடைப்பில் பழக்கி, கழுத்தில் கண்காணிப்புப் பட்டை மாட்டி விட்டார்கள். 2023 டிசம்பரில்தான் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை 'காட்டில் அழிந்தது' என்ற பட்டியலிலிருந்து எடுத்து, அழியும் அபாயத்தில் உள்ளவற்றில் சேர்த்தது.

ஆகவே என் மூன்றாவது விதி, இதுதான் ஆட்டத்தை அதிகம் மாற்றும்: அழியும் நிலையில் உள்ள இனம், நெருங்கிய உறவில் பிறக்காதது, இளம் வயது, நல்ல மரபுக் குணம். இந்த நான்கும் இருந்தால் மட்டுமே காட்டில் விடலாம். வெள்ளைப் புலிபோல் நிறம் மாறிப் பிறந்ததை விடக் கூடாது. அது காட்டில் ஒளிந்து வேட்டையாடக் கஷ்டப்படலாம். மற்றதெல்லாம் உங்களிடமே சாகும் வரை இருக்க வேண்டும், இல்லையென்றால் பிறந்திருக்கவே கூடாது. இப்படி விளையாடினால் கிரெடிட் மெதுவாகத்தான் சேரும். அப்போதுதான் கருத்தடைப் பட்டன் ஏன் இருக்கிறது என்று புரியும்.

கண்ணாடிப் பெட்டியில் வைக்கும் பாம்பு, வண்டு, தவளைகளுக்கும் இதே விதிதான். அவற்றுக்கு வெப்பமும் ஈரப்பதமும் சரிசெய்தால் போதும் என்பதால் எல்லோரும் பணம் பண்ணும் இயந்திரமாகவே பார்க்கிறார்கள். குட்டிகள் ஏராளமாக வரும். பெட்டி எல்லாமே ஒரே அளவு, பெரிதாக்க முடியாது. குறைவாக வையுங்கள், வேறென்ன சொல்ல.

9. கையில் காசு தீர்ந்துபோனால்

ஒருநாள் தீரத்தான் போகிறது. ஆட்டத்தை நிறுத்துங்கள். கடன் வாங்கும் வசதி இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். கட்டிக்கொண்டிருக்கும் புதுப் பகுதியைக் கைவிடுங்கள், ஓடாத கடைகளை மூடுங்கள், நுழைவுக் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். அதற்கும் மேல் வேண்டுமானால், மூன்றாவது விதியைக் கொஞ்சம் தளர்த்தி, இளம் விலங்குகளைச் சந்தைக்கு அனுப்புங்கள். அவற்றை வாங்க ஆள் இருக்கும்.

வயதானவற்றை அனுப்பாதீர்கள். விலையும் வராது, கிரெடிட்டும் வராது, அவற்றால் குட்டியும் இல்லை. அதனாலேயே பலர் அவற்றை முதலில் கழித்துக்கட்டுகிறார்கள். பூங்காவின் பின்பக்கம், பார்வையாளர் பாதை எதுவும் வராத இடத்தில், இவற்றுக்கென ஒரு வாழிடம் கட்டி வைத்துக்கொள்ளலாம். தரை, செடி, குடில், தீனி எல்லாம் முன்னால் இருப்பதுபோலவே வேண்டும். கூட்டம் வராததால் வருமானமும் இருக்காது, மன அழுத்தமும் இருக்காது. வாழிடம் கட்டி முடித்ததும் அதை ஒரு பராமரிப்பாளரின் வேலை மண்டலத்தில் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். பக்கத்திலேயே ஒரு பராமரிப்பாளர் குடிலும் வேண்டும். தூரம் அதிகமானால் அவர் நடந்து வருவதற்குள் தீனித் தட்டு காலியாகியிருக்கும்.